91,540 மனைவியரின் சாட்சியம்

1965-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் ஆறு மாகாணங்களில், நாற்பது வயதைக் கடந்தோரை நலத்துறையினர் வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். என்ன உண்கிறீர்கள், மது அருந்துவதுண்டா, புகைப்பதுண்டா என்பன கேள்விகள். டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தக்கேஷி ஹிராயாமா என்னும் அறிஞர் அவ்விடைகளைப் பாதுகாத்து, விடையளித்தோருள் யார் எந்நோயால் இறந்தார் என்பதைப் பதினான்கு ஆண்டுகள் குறித்து வந்தார். பொறுமை என்பதை இத்தகையோரிடமே நாம் கற்க வேண்டும் போலும்!

தாம் புகைப்பதில்லை என்று கூறிய மனைவியர் அவருடைய கணக்கில் 91,540 பேர். நாளொன்றுக்கு இருபது சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிப்போரின் மனைவியரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம், புகைக்காதோரின் மனைவியரிடையே இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கணவர் பிடிக்கும் எண்ணிக்கை கூடக்கூட மனைவியின் ஆபத்தும் கூடிற்று. 1981 சனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியாயிற்று. அதே மாதத்தில் ஏதென்சு நகர ஆய்வொன்றும் இதையொட்டிய முடிவையே சொன்னது.

புகைப்பவன் தன் உடலைத் தானே கெடுத்துக் கொள்கிறான், அது அவன் விருப்பம் என்று கூறி வந்த சிகரெட் கம்பெனிகளுக்கு இங்கேதான் இடி விழுந்தது. அடுக்களையில் நின்ற பெண் எதை விரும்பித் தேர்ந்தாள்? பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தால் விற்பனை சரியும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

எனவே அமெரிக்கக் கம்பெனிகளின் பொது அமைப்பான டொபாக்கோ இன்ஸ்டிடியூட், ஹிராயாமாவின் புள்ளிக் கணக்கில் பிழை உள்ளது என்று 1981-இலேயே அறிக்கை விடுத்தது; நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. கருத்து வேறுபாடு அறிவியலுக்குப் புதிதன்று. நேர்மையான ஐயத்தை நாமும் குறை கூறோம். ஆனால் அதே ஆண்டு சூலையில் பிரவுன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் வழக்கறிஞர் எழுதிய உட்குறிப்பு ஒன்று பின்னாளில் வெளிப்பட்டது. ஹிராயாமா நல்ல அறிஞர், அவர் முடிவு சரியே என்று புகையிலைத் தொழிலின் ஆலோசகர் இருவரே கருதுவதாக அதில் கண்டிருந்தது. அறியாமல் பிழைபட்டோரை மன்னிக்கலாம், இவர்கள் அறிந்திருந்தனர்.

பத்தாண்டுகள் கழித்தும் அந்த ஆய்வு அவர்களை உறங்க விடவில்லை. கம்பெனிகளின் பணத்தில் ஜப்பானிலேயே எதிராய்வு ஒன்று நடத்தப்பட்டது. அதன் வாதம் நம்மை அதிர வைக்கிறது: புகைப்பதில்லை என்று சொன்ன மனைவியருள் சிலர் மறைவாகப் புகைத்தவர்களாம்! இதை நாட்டப் பெண்களின் சிறுநீரைச் சோதித்து நிகோடினின் சுவடு தேடினர். 1995-இல் வந்த கட்டுரையின் ஒரே ஆசிரியர், தொழிலின் ஆலோசகரான பிரிட்டிஷ் புள்ளியியலாளர். மேற்கண்ட உட்குறிப்பு சுட்டும் இருவருள் அவரும் ஒருவர்.

இதற்கிடையே 1988-இல் மூன்று கம்பெனிகள் கூடி, உட்புறக் காற்றை ஆராய என்று ஒரு மையமும் நிறுவின. பெயரில் காற்று இருந்தது, பணம் புகையிலையினுடையது. 1993 சனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிறர் புகையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேர் நுரையீரல் புற்றுநோயில் மடிவதாக அறிவித்ததும், கம்பெனிகள் அதன் மேல் வழக்குத் தொடுத்தன. 1998-இல் வென்றன, 2002-இல் மேல்முறையீட்டில் அந்த வெற்றி பறிபோயிற்று.

1998-இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டும் காற்றாய்வு மையமும் கலைக்கப்பட்டன. கம்பெனிகளின் அந்தரங்கக் காகிதங்கள் கோடிக்கணக்கில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2006-இல் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், பிறர் புகையின் தீங்கு குறித்தும் இவர்கள் மக்களை ஏமாற்றினர் என்று தீர்ப்பளித்தார். திருத்த அறிவிப்பை இவர்களே காசு கொடுத்து வெளியிட வேண்டும் என்பதும் அவர் ஆணை. வாசகங்களைப் பற்றிய வழக்காடலிலேயே மேலும் பதினோர் ஆண்டுகள் கழிந்தன.

2017 நவம்பரில் அமெரிக்க நாளிதழ்களில் அந்த முழுப்பக்க அறிவிப்புகள் வரத் தொடங்கின. பிறர் விடும் புகை, புகைக்காதோருக்கும் நுரையீரல் புற்றுநோயையும் இதய நோயையும் உண்டாக்குகிறது. ஆண்டுதோறும் 38,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரைக் கொல்கிறது என்று அவற்றில் அச்சாகியிருந்தது. ஹிராயாமாவின் கட்டுரை வந்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.