பசியின் இருப்பிடம்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் விஞ்சை மகள் வருகிறாள். எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் பசி தணிவதில்லை. அந்நோய்க்கு யானைத்தீ என்று பெயர். முனிவர் ஒருவரின் சாபத்தால் அது நேர்ந்ததாகக் காப்பியம் கூறுகிறது. பசி என்பது உண்மையில் எங்கே பிறக்கிறது?

ஆரணியில் பட்டுத்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைக் கேட்டால், வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். அறிவியலாரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கானன், தம் மாணவர் வாஷ்பர்னைச் சிறு ரப்பர்ப் பையொன்றை விழுங்கச் செய்து, இரைப்பை சுருங்கும்பொழுது பசிவேதனை தோன்றுவதைப் பதிவு செய்தார். ஆயினும், இரைப்பை முழுவதும் அகற்றப்பெற்ற நோயாளிகளுக்கும் பசி எடுத்தது. ஆகவே ஆராய்ச்சி மூளையை நோக்கித் திரும்பிற்று.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்னும் சிறு உறுப்பு உண்டு. 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளில் அதன் நடுப்புறத்தைச் சிதைத்தனர். எலிகள் அளவு கடந்து பருத்தன. 1951இல் இந்திய அறிஞர் பால் கிருஷண் ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் புரோபெக்குடன் சேர்ந்து அதன் இரு பக்கப்புறங்களையும் சிதைத்துப் பார்த்தார். எலிகள் உண்பதை அடியோடு நிறுத்தின. எதிரே உணவிருந்தும் பட்டினியால் மடிந்தன! வயிறு வெறுமையாகத்தான் இருந்தது. உண்ணத் தூண்டும் ஆணைதான் எழவில்லை. ஆனந்த் பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் பேராசிரியராக இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

தாகத்தின் கதையும் இத்தகையதே. 1950களில் சுவீடன் நாட்டு ஆண்டர்சன், ஆடுகளின் ஹைபோதாலமஸில் சிறிது உப்புநீரைச் செலுத்தினார். அவை உடனே நீரைத் தேடிப் பருகின.

அவ்வாறாயின் மூளைக்குச் செய்தி கொணர்வது யார்? 1994இல், உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. சேமிப்புப் போதுமென்று அது மூளைக்கு உரைக்கிறது. 1999இல், இரைப்பை சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் அறியப்பட்டது. ஆகவே நெசவாளர் வயிற்றைக் காட்டியதும் முற்றிலும் பிழையன்று: வயிறு தூதுவன், மூளை அரசன். அரசனும் ஓரிடத்தில் தனித்திருப்பவன் அல்லன். பல நரம்புத்தொகுதிகள் கூடியே முடிவு செய்கின்றன என்பது இன்றைய தெளிவு.

லெப்டின் சுரக்காமலே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உளர். அவர்களுக்கு ஓயாப் பசி. அத்தகைய குழந்தை ஒன்றுக்குக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் லெப்டினை ஊசிவழிச் செலுத்தியபோது, பசி அடங்கி உடல் எடையும் குறைந்ததாக 1999இல் அறிவித்தனர்.

மிகுதியாக உண்பவரைப் பெருந்தீனிக்காரர் என்று எள்ளுவது நம்மிடையே எளிய வழக்கம். காப்பியப் புலவரோ காயசண்டிகையை எள்ளவில்லை. அவள் துயரை நோயென்றே சொன்னார். மாணவர்களே, பிறர் பசியை அளந்து தீர்ப்புக் கூறுமுன் அதனை எண்ணிப் பாருங்கள்.