ஒரு வீட்டுக்கு மூன்று விலை

வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு ஒரு வீட்டுக்கு மூன்று விலை தெரியும். பத்திரத்தில் போட்ட விலை, வேல்யுவர் எழுதித் தரும் விலை, சொந்தக்காரர் மனசில் இருக்கும் விலை. மைசூரிலும் அதே கதைதான். நம்ம ஊர் வழிகாட்டி மதிப்புக்கு இங்கே 'மார்கசூசி பெலே' என்று பேர், அவ்வளவுதான். சரி, யாரிடம் எவ்வளவு மதிப்புள்ள வீடு இருக்கிறது என்று சர்க்கார் கணக்கெடுத்தால் எந்த விலையை எழுதுவது?

இந்தக் கணக்கெடுப்பின் தொடக்கம் எங்கள் துறையில்தான். 1951-52ல் ரிசர்வ் வங்கி கோர்வாலா தலைமையில் 75 மாவட்டங்களில் 600 கிராமங்களில் கடன் சர்வே எடுத்தது. 1954ல் அறிக்கை, அதன் விளைவாக 1955ல் இம்பீரியல் பாங்க் ஸ்டேட் பாங்க் ஆனது. 1961-62 சர்வேயில் சொத்தும் முதலீடும் சேர்ந்தன. நகரங்கள் வந்தது 1981-82ல்தான்.

அதே 1954ல் அமெரிக்காவில் லெஸ்லி கிஷ், ஜான் லான்சிங் என்ற இருவர், வீட்டுக்காரர் சொன்ன விலையை மதிப்பீட்டாளர் போட்ட விலையோடு ஒப்பிட்டார்கள். சராசரி கிட்டத்தட்ட ஒத்துப்போனது, தனித்தனி வீடுகளிலோ பெரிய வித்தியாசம். சராசரி வேண்டுமென்றால் இது பரவாயில்லை. ஏற்றத்தாழ்வை அளக்கப் போனால்தான் வம்பு. பத்து லட்சம் பெறும் இரண்டு வீடுகளில் ஒருவர் எட்டு என்கிறார், இன்னொருவர் பன்னிரண்டு என்கிறார். சராசரி பத்தேதான், ஆனால் இல்லாத இடைவெளி ஒன்று முளைத்துவிட்டது பாருங்கள்!

நம் நாட்டில் 2013ல் நடந்த 70வது சுற்றில் நிலம், கட்டடத்துக்கு வழிகாட்டி மதிப்பைப் பிடித்தார்கள். இது எதிர்ப்பக்கத் தப்பு. தெரு முழுக்க ஒரே ரேட் என்றால் கணக்கு தட்டையாகிவிடும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். யார் போய்க் கேட்டாலும் அதே எண் கிடைக்கும்.

2019ல் நடந்த 77வது சுற்றுப்படி நகரக் குடும்பத்தின் சராசரி சொத்து சுமார் 27.17 லட்சம் (நிலம், டெபாசிட் எல்லாம் சேர்த்து). மேல் 10 சதவீதத்தினரிடம் 55.7 சதவீதம், கீழ்ப்பாதியிடம் 6.2 சதவீதம். சராசரி யாரைக் காட்டுகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வேக்காரர் இங்கே குடியிருக்கும் குடும்பத்தைத்தான் கேட்பார். பட்டா துபாயில் இருக்கும் மகன் பேரில், வீட்டில் இருப்பது அம்மா. அம்மா சொத்தில் அந்த வீடு வராது. மகன் கணக்கெடுப்பிலேயே இல்லை. கும்பகோணம் பக்கம் பூட்டிக்கிடக்கும் வீடுகளும் அப்படித்தான். அடியேன் மைசூரில் இருப்பதால் ஊர் வீட்டை இங்கே எழுதலாம். என்ன, அது கர்நாடகக் கணக்கில் போய்ச் சேரும் :-)