மழைநீர் ஊடுருவல் மாதிரிகள்: மேலோடும் அடுக்கும் உள்ள மண்

பெய்யும் மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்கும், எவ்வளவு மேலே ஓடிவிடும் என்று கணக்கிடும் சமன்பாடுகளே ஊடுருவல் மாதிரிகள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான மண் என்றால் கணக்கு எளிது. தோட்ட நிலம் அப்படி அமைவதில்லை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் செலாயாங்கை ஒட்டிய கருங்கல் குன்றுகளைப் போன்ற இடங்களில் பாறை சிதைந்து உருவாகும் ரெங்காம் வகை மண்ணில், மேற்பகுதி மணல் கலந்து பொலபொலவென்றிருக்கும். ஆழம் போகப் போகக் களி கூடும். நிலம் வெறுமையாகக் கிடந்தால், மழைத்துளிகள் மண்கட்டிகளை உடைத்து, அவற்றின் நுண்துகள்களால் துளைகளை அடைத்து, மேலே ஒரு மெல்லிய ஓடு படியவும் செய்யும்.

நிலத்தை வெறுமையாக விட்டதன் விலையைச் சிலாங்கூர் ரப்பர் தோட்டங்கள் முன்பே கொடுத்துவிட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாதபடி வெட்டிச் சுத்தமாக வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். புல்லற்ற சரிவுகளில் மேல்மண் மழையோடு போனது. பின்னர் புவேரேரியா, சென்ட்ரோசெமா, கலோபோகோனியம் ஆகிய கொடிகள் மூடுபயிராக வந்தன. 1925-இல் தொடங்கப்பட்டு, செலாயாங்குக்கு மேற்கே சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆய்வுக்கழகம் அவற்றைப் பரிந்துரைத்தது. சமன்பாடுகளின் வரலாற்றை இந்தத் தோட்ட அனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் பயனுள்ள சமன்பாட்டை 1911-இல் மெல்போர்னில் கிரீன், ஆம்ப்ட் இருவரும் தந்தனர். ஈரம் ஒரு கூரிய முகப்பாகக் கீழிறங்குகிறது, கீழுள்ள உலர்மண் அதை உறிஞ்சி இழுக்கிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட எளிய படம். 1931-இல் ரிச்சர்ட்ஸ், முழுதும் நனையாத மண்ணில் நீரோட்டத்துக்கான பொதுச் சமன்பாட்டை வகுத்தார். இரண்டுமே மண்ணின் உடலைப் பார்த்தன, தோலைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் டுலி 1939-இல் அந்தக் குறையைக் காட்டினார். வைக்கோல் மூடிய நிலம் தொடர்ந்து நீரை உள்வாங்கியது. வைக்கோலை எடுத்ததும் மேற்பரப்பில் இறுகிய மெல்லிய படலம் உண்டாகி, உள்வாங்கும் வேகம் விரைவாகச் சரிந்தது.

1958-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மெக்கின்டையர் அந்தப் படலத்தையே அளந்தார். மேலே சுமார் 0.1 மில்லிமீட்டர் தோல். அதற்குக் கீழே நுண்துகள்கள் கழுவி இறங்கிய இன்னொரு பகுதி. அடிமண்ணோடு ஒப்பிட்டால் தோலின் நீர்விடும் திறன் 2,000 மடங்கும், அடுத்த பகுதியினுடையது 200 மடங்கும் குறைவு. எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், மயிரிழை போன்ற இந்தத் தடையே மழையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

ஹில்லலும் கார்ட்னரும் 1969, 1970-இல் இதைக் கணிதமாக்கினர். ஓடு குறைவாகவே நீர் விடுவதால், அதன் அடியிலுள்ள மண் முழுதாக நனைவதில்லை. மேலே நீர் தேங்கி நிற்கும்போதே கீழே துளைகளில் காற்று இருக்கும். அதனால் அடிமண்ணின் முழு ஈரத் திறனைக் கணக்கில் எடுத்தால் விடை பிழையாகும். அதே 1969-இல் பவுவர், கிரீன்–ஆம்ப்ட் முறையை அடுக்கடுக்கான மண்ணுக்கு விரித்தார். ஈர முகப்பு களி அடுக்கைத் தொட்டதும் வேகம் குறையும். சரிவான நிலத்தில் மேலே தங்கும் நீர் பக்கவாட்டில் நகரும். மழை பெய்யத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் நீர் தேங்கும் என்பதை மெயின், லார்சன் 1973-இல் சேர்த்தனர்.

அளவீட்டில்தான் இன்றும் சிக்கல். ஊடுருவல் வேகத்தை அளக்கும் இரட்டை வளையக் கருவியை மண்ணில் அடித்து இறக்கும்போதே ஓடு விரிசல் விடும். அதில் ஊற்றும் நீருக்கு மழைத்துளியின் அடியும் இல்லை. கிடைக்கும் எண் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். செயற்கை மழை பொழியவைத்து அளப்பதே நம்பத்தக்கது.

மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நகர்ப்புற மழைநீர்க் கையேடு, முதலில் 2000-இலும் பின் 2012-இலும் வெளிவந்தது. 2012 பதிப்பு, தொடர் இழப்பை, அதாவது மழையின்போது மண் தொடர்ந்து உள்வாங்கும் வேகத்தை, மணற்பாங்கான மண்ணுக்கு மணிக்கு 10–25 மில்லிமீட்டர், களிக்கு 0.5–3 மில்லிமீட்டர் என்று பரிந்துரைக்கிறது. குன்றை வெட்டித் திறந்த செலாயாங் போன்ற இடங்களில், மணல் கலந்த மண்ணானாலும் ஓடு படிந்திருந்தால், களிக்குரிய எண்ணை எடுப்பதே பாதுகாப்பானது.