சர்க்காருக்கு 50, நமக்கு 3

போன மாசம் நம்ம பதிவுல விளம்பரம் போட்டுப் பார்த்தேன் மக்களே. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்துபோற இடம். பெரிய தளங்களை மட்டும் சேர்க்கும் பிரீமியம் நெட்வொர்க் நம்மை வாசலோட அனுப்பிடுச்சு. யார் வந்தாலும் சேர்த்துக்கும் இன்னொண்ணு உடனே ஓகே சொல்லிச்சு. விளைவு? தாத்தாவைப் பற்றி எழுதின பதிவு மேல தொப்பை குறைக்கும் மாத்திரை குதிக்குது! பின்னூட்டத்துல ரெண்டு பேர் திட்டிட்டுப் போனாங்க. வந்த காசு டீக்குக்கூடத் தேறலை :-)

இந்த ரெண்டு கதவும் எப்படி வந்ததுன்னு கொஞ்சம் சரித்திரம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி கம்பெனியின் பேனர் வந்தது. 1996-ல் டபுள்கிளிக் தொடங்கியது. பெரிய தளங்களில் இருக்கும் இடத்தைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றார்கள். ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று கணக்கு. 2003-ல் கூகுளின் ஆட்சென்ஸ் வந்து சின்னத் தளங்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே அப்போது பெரும்பாலும் க்ளிக் விழுந்தால்தான் காசு. 2007-ல் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. 2008-ல் வாங்கியும் விட்டது. ஆக, நகைக்கடைக்கும் சந்தைக்கடைக்கும் ஒரே முதலாளி!

சரி, நம்ம கதை? ஆட்சென்ஸ் இந்தியை ஏற்றது 2014 டிசம்பரில். தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில். அதுவரைக்கும் 'பிரீமியமா, பரவலா' என்று நாம யோசிச்சு என்ன புண்ணியம்? பட்டியல்லயே தமிழ் இல்லையே.

இதை யோசிச்சுக்கிட்டே ஞாயித்துக்கிழமை ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிற பாரதி வீட்டுப் பக்கம் போனேன். 1906-ல் சென்னையில் தொடங்கின 'இந்தியா' வாரப் பத்திரிகை, 1908 அக்டோபர்ல இருந்து நம்ம பாண்டியில்தான் வந்தது. அதோட சந்தா விவரம் ஞாபகம் வந்துச்சு. சர்க்காருக்கு வருஷம் 50 ரூபாய், ராஜா ஜமீன்தார்களுக்கு 30, சாதாரண ஜனங்களுக்கு 3. பத்திரிகை எல்லாருக்கும் ஒண்ணுதான். காசு மட்டும் ஆளைப் பொறுத்து. இருக்கிறவன் கிட்ட பிரீமியம், இல்லாதவன் வரைக்கும் பரவல். ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னு யார் சொன்னது?

ஆனா அந்தப் பத்திரிகையும் 1910 மார்ச்சில் நின்னுபோச்சு. விலை காரணமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் சர்க்கார் அதை உள்ளே விடலை. வாசகர்களோ பெரும்பாலும் அந்தப் பக்கம். எழுதுறவன் ஒருத்தன், வழி இன்னொருத்தன் கையில. இன்னிக்கு நம்ம கணக்கை நெட்வொர்க்காரன் முடக்கினாலும் அதேதான்.

ராத்திரியே அந்த நிரலைத் தூக்கிட்டேன். தாத்தா இப்ப நிம்மதியா இருக்கார். இனி யாராவது உள்ளூர்க் கடைக்காரர் நேரா வந்து கேட்டா ஒரு படம் போடலாம்னு இருக்கேன். சர்க்கார் வந்து கேட்டா மட்டும் 50 ரூபாய் ;-)

நீங்க என்ன பண்றீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.