கோணிக் கோட்டையின் நீதி

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டபோது சான் பிரான்சிஸ்கோ சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த துறைமுகச் சிற்றூர். இரண்டே ஆண்டுகளில் மக்கள்தொகை 25,000-ஐ ஒட்டி வந்துவிட்டது. காவலும் நீதிமன்றமும் அந்த வேகத்தில் வளரவில்லை. மரக் கட்டடங்கள் அடிக்கடி தீப்பிடித்தன; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முன்னாள் கைதிகள்மேல் பழி விழுந்தது. 1851 ஜூனில் வணிகர்கள் ‘விஜிலன்ஸ் கமிட்டி’ அமைத்து நால்வரைத் தூக்கிலிட்டனர். முதலில் தொங்கிய ஜான் ஜென்கின்ஸ் செய்த குற்றம், ஒரு பணப்பெட்டியைத் திருடியது.

1856-இல் நடந்தது இதைவிடப் பெரிது. ஜேம்ஸ் கேசி என்ற நகர அரசியல்வாதி நியூயார்க் சிறையில் இருந்தவர் என்று பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் கிங் அச்சிட்டார். மே 14 அன்று கேசி அவரைத் தெருவில் சுட்டார். வில்லியம் கோல்மன் என்ற வணிகரின் தலைமையில் கமிட்டி மீண்டும் கூடியது, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். சிறையிலிருந்த கேசியையும், கொலை வழக்கில் ஜூரிகள் ஒத்துப்போகாததால் தீர்ப்பின்றி இருந்த சார்லஸ் கோராவையும் கைப்பற்றி, கிங்கின் இறுதி ஊர்வலம் நடந்த மே 22 அன்றே தூக்கிலிட்டனர். கமிட்டியின் தலைமையகத்தைச் சுற்றி மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டதால் அதற்கு ‘ஃபோர்ட் கன்னிபேக்ஸ்’, அதாவது கோணிக் கோட்டை, என்று பெயர். (கன்னி என்ற அந்த ஆங்கிலச் சொல்லும் நம் கோணியும் ஒரே வேரில் கிளைத்தவை.)

இதைக் கும்பல் வெறி என்று சொல்லிவிட முடியாது. விசாரணை, உறுப்பினர் பட்டியல், ஆயுதப் படை என எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆபத்தும் அந்த ஒழுங்கில்தான் இருந்தது. கொலைக் குற்றத்துக்கு அப்பால், டேவிட் பிராடரிக்கின் ஜனநாயகக் கட்சி அணியைச் சேர்ந்த பலரையும் கமிட்டி நாடு கடத்தியது. அவர்களில் ஐரிஷ்காரர்கள் அதிகம்.

எதிர்த்தவர்கள் ‘சட்டம் ஒழுங்கு’ அணியினர். ஆளுநர் நீலி ஜான்சன் நகரம் கலகத்தில் இருப்பதாக அறிவித்தார். ஆனால் கூட்டாட்சிப் படைத்தளபதி வூல் ஆயுதம் தர மறுத்தார். அப்போது வங்கி நடத்திவந்தவரும் மாநிலப் படைக்குத் தலைமை ஏற்றிருந்தவருமான வில்லியம் ஷெர்மன், பின்னாளில் உள்நாட்டுப் போரில் புகழ்பெற்றவர், பதவி விலகினார்.

ஆயுதம் இல்லாத அரசின் பக்கம் நின்ற மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டெர்ரி, ஜூன் 21 அன்று கமிட்டியின் காவலர் ஒருவரைக் கத்தியால் குத்தினார். சட்டத்தின் காவலரே கத்தியை எடுத்தது அவரது அணிக்குப் பெரும் அவமானம், கமிட்டிக்கோ தர்மசங்கடம். குத்துப்பட்டவர் இறந்திருந்தால் உச்ச நீதிமன்ற நீதிபதியைத் தூக்கிலிட நேர்ந்திருக்கும். அவர் பிழைத்தார், டெர்ரி ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார்.

மேலும் இருவரைத் தூக்கிலிட்ட கமிட்டி ஆகஸ்ட் 18 அன்று அணிவகுப்பு நடத்திக் கலைந்தது. அதன் ஆதரவாளர்கள் தொடங்கிய ‘மக்கள் கட்சி’ ஏறக்குறைய பத்தாண்டு நகரை ஆண்டது. டெர்ரி 1857-இல் தலைமை நீதிபதியானார்; 1859-இல் பதவி விலகி, கமிட்டியை எதிர்த்த மற்றொருவரான பிராடரிக்கைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார்.