கேட்கப்படாத கணக்கு

கோட்டை என்றால் மன்னன் பெயரைச் சொல்கிறோம். கால்வாய் என்றால் திட்டம் தீட்டிய தளபதியின் பெயரைச் சொல்கிறோம். மண் சுமந்த தோள் யாருடையது, பாறை பிளந்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பழக வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ஏற்றதோர் இடம், கனடா நாட்டின் ரிடோ கால்வாய்.

ஒட்டாவா நகரையும் கிங்ஸ்டன் நகரையும் இணைக்கும் அந்த நீர்வழியின் நீளம் 202 கிலோமீட்டர். ஏறத்தாழ 19 கிலோமீட்டர்தான் மனிதன் வெட்டிய வாய்க்கால். எஞ்சியதெல்லாம் அணையிட்டு உயர்த்திய ஆறுகளும் அடுத்தடுத்து விரியும் ஏரிகளுமே. வேனில் பிறந்தால் போதும், சொந்தப் படகுகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கருத்தெனும் படகேறி நாமும் அவர்களைப் பின்தொடர்வோம்.

ஒட்டாவாவில் எட்டு நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப்போல் அடுக்கி நிற்கின்றன. படகு கல்லறைக் கூடம் போன்ற ஒரு தொட்டிக்குள் நுழைகிறது. பின்கதவு மூடப்படுகிறது. மேல்மட்டத்து நீர் உள்ளே புகுகிறது. படகு மெல்ல மெல்ல உயர்கிறது. நீர்மட்டம் இருபுறமும் ஒன்றானதும் முன்கதவு திறக்கிறது. மந்திரமில்லை, மாயமில்லை, நீர் சமநிலை தேடும் என்ற இயற்கையின் இயல்பை அறிந்த அறிவு, அவ்வளவே! பெரும்பாலான பூட்டுகளில் இன்றும் கையால் சுழற்றியே கதவைத் திறக்கிறார்கள். எட்டுப் படிகளில் 24 மீட்டர் ஏறும் படகு, மேல் ரிடோ ஏரியை அடையும்போது ஒட்டாவா ஆற்றைவிட 83 மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அங்கிருந்து படிப்படியாக இறங்கி, ஒன்டாரியோ ஏரியைச் சென்று சேர்கிறது.

இன்பப் பயணம்! ஆனால் இன்பத்துக்காகவா வெட்டினார்கள்? இல்லை. 1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. எல்லையில் ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை எதிரி மறித்துவிட்டால் படைக்கலமும் உணவும் கிங்ஸ்டனுக்கு எப்படிப் போய்ச்சேரும் என்ற அச்சம், போர் ஓய்ந்த பின்னும் ஆட்சியாளரை விடவில்லை. 1826இல் வந்து இறங்கினார், பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் பை. 1832இல் வழி திறந்தது. ஆறே ஆண்டுகளில் 47 நீர்ப்பூட்டுகள்! ஜோன்ஸ் அருவியில் எழுப்பிய கல் அணை, அன்று வட அமெரிக்காவிலேயே உயரமானது. அந்தக் காட்டிலும் நீரிலும் காலங்காலமாகத் தோணி செலுத்தி வாழ்ந்தவர்கள் அல்கான்குவின் பழங்குடியினர். அவர்களது இசைவை யார் கேட்டார்?

வெட்டியவர் யார்? வறுமை விரட்ட, வயிற்றுக்காகக் கடல் கடந்து வந்த அயர்லாந்து ஏழைகள். பிரெஞ்சு மொழி பேசிய கனடா உழைப்பாளிகள். ஆயுதம் கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து. வெடியில் சிதறியவர் உண்டு. நீரில் மூழ்கியவர் உண்டு. எல்லாவற்றையும் மிஞ்சியது காய்ச்சல். நியூபரோவில் பாறையைக் குடைந்தபோது, பாறையைவிடக் கொடிய பகையாக நின்றது அதுதான். மாண்டவர் ஏறத்தாழ 1,000 பேர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அவர்களில் பாதிப்பேரை வீழ்த்தியது மலேரியா. உழைக்க வந்தவனோடு உடன்வந்த மனைவியும் மக்களும்கூட மடிந்தனர். ஜான் பையையும் அந்தக் காய்ச்சல் விடவில்லை.

சதுப்பு நிலத்து நச்சுக் காற்றே காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். காற்றைப் பழித்துக் கொண்டிருந்தார்கள். கொசு காதோரம் பாடிக்கொண்டிருந்தது! 1880இல் லாவரன் நோயாளியின் குருதியில் கிருமியைக் கண்டார். 1897இல் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். எங்கே? நமக்கு அண்மையில் உள்ள செகந்திராபாத்தில்! நம்பிக்கை பல நூற்றாண்டு சொன்னதை ஆராய்ச்சி ஒரு கண்ணாடிச் சில்லில் கவிழ்த்தது.

ஆனால் அறியாமை மட்டுமா கொன்றது? காய்ச்சலைத் தணிக்கும் கொயினா அன்றே இருந்தது. 1820இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் விலைதான் கூலிக்காரனின் கைக்கு எட்டவில்லை. அறிவு பிறந்தால் போதாது தோழர்களே, அது ஏழையின் குடிசைவரை நடந்து செல்ல வேண்டும்!

கால்வாய்க்கான செலவு 8 லட்சம் பவுனைத் தாண்டியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சீறியது. ஜான் பை திருப்பி அழைக்கப்பட்டார். மனமுடைந்து 1836இல் மறைந்தார். பவுனுக்குக் கணக்குக் கேட்டவர்கள், பிணத்துக்குக் கணக்குக் கேட்டார்களா? தளபதியின் பெயரால் பைடவுன் என ஓர் ஊர் எழுந்தது. அதுவே 1855இல் ஒட்டாவா ஆயிற்று. தொழிலாளரில் பலருக்கோ கல்லறையில் பெயர்கூட இல்லை.

அஞ்சிய போர் வரவேயில்லை. போருக்கென வெட்டிய வழியில் வணிகம் நடந்தது. பிறகு உல்லாசப் படகுகள் உலவின. 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மாண்ட தொழிலாளருக்குக் கரையில் நினைவுச் சிலுவைகள் எழுந்ததோ, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான்.

படகில் செல்வோர் மகிழட்டும். அந்த மகிழ்ச்சி உழைத்தவன் விட்டுச்சென்ற கொடை. நாம் வேண்டுவது ஒன்றே: கதவு திறந்து நீர் சமமாகும் அந்தக் கணத்தில், இதைக் கட்டியவன் யார், அவனுக்குக் கிடைத்தது என்ன என்று ஒருவரேனும் கேட்க வேண்டும். நீர்கூடச் சமநிலை அடையும்வரை ஓய்வதில்லை. நாம் ஓயலாமா?