ஈரப் பஞ்சின் வேலை

ஜன்னல் கண்ணாடியில் இன்று விட்டுப்போன அழுக்கை நாளை துடைத்துக்கொள்ளலாம். பீங்கானுக்கு அந்த வசதி இல்லை. அதன் மேல் பூசும் கிளேஸும் ஒரு கண்ணாடிதான். சூளைக்குள் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அது உருகும்போது, அடியில் கிடக்கும் பிசிறையும் இரும்புப் புள்ளியையும் அப்படியே மூடிவிடும். தூசி படிந்த இடத்திலோ ஒட்டாமல் சுருண்டு விலகிக்கொள்ளும். பிறகு எந்தத் துணியாலும் பயனில்லை. ஆகவே இந்தத் தொழிலில் துடைப்பு என்பது எல்லாம் முடிந்தபின் செய்யும் ஏவல் வேலை அன்று; உருவாக்குவதிலேயே பாதி. விருத்தாசலத்தின் பீங்கான் வரலாற்றில் அந்தப் பாதி விடுபட்டுப்போகிறது என்பதே என் வாதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு மண்ணில் தொடங்கும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது; மறு ஆண்டு நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்; 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. பக்கத்திலேயே ரயில் சந்திப்பாக விருத்தாசலம். அரசு அங்கே செராமிக் தொழிற்பேட்டையையும் தொழில்நுட்பப் பயிலகத்தையும் அமைத்தது. மண்ணும் அரசும் ரயிலும் சேர்ந்தால் ஊர் உருவாகத்தானே செய்யும், இதில் துடைப்புக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். ஆனால் வெட்டியெடுத்த மண்ணை அப்படியே வைத்து ஒரு கோப்பைகூடச் செய்ய முடியாது. நீரில் கரைத்து மணலைப் படியவிட்டு, நுண்ணிய களியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அரைத்த குழம்பைச் சல்லடையில் வடித்து, காந்தத்தின் மேல் ஓடவிட்டு இரும்பை நீக்க வேண்டும். மணலுக்கு நீர், கட்டிக்குச் சல்லடை, இரும்புக்குக் காந்தம் என ஒவ்வொரு அழுக்குக்கும் அதற்கான கருவி உண்டு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. சீனத்தில் 1637இல் வெளிவந்த ‘தியன்கொங் கைவு’ என்ற தொழில் நூல், ஒரு கோப்பை முடிவதற்குள் 72 கைமாற்றங்களைக் கடக்கிறது என்கிறது.

விருத்தாசலம் பொம்மைகளுக்குப் பேர்போனது. பிளாஸ்டர் அச்சில் குழம்பை ஊற்றி எடுக்கும் எந்தப் பொம்மையிலும் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு வரப்பு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, பிழிந்த ஈரப் பஞ்சால் தடவி மறைக்க வேண்டும். நீர் மிகுந்தால் உருவம் கரையும். குறைந்தால் கோடு தெரியும். மண் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை விரல்தான் சொல்லும். ஒரு பொம்மையின் முகம் தெளிவாக இருப்பதில் அச்சு செய்தவருக்கு உள்ள பங்கு, அந்தப் பஞ்சைப் பிடித்தவருக்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் வேலை விரைவாக முடியுமே என்பது வலுவான மறுப்பு. முடியும்தான். ஆனால் அப்போது கிளம்பும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இதற்குக் கொடிய சான்று உண்டு. அங்கே மெல்லிய பீங்கான் தட்டுகளைச் சக்கிமுக்கிக் கல்லின் பொடியில் புதைத்துச் சுட்டார்கள். சுட்ட தட்டில் ஒட்டிய பொடியைத் தூரிகையால் தேய்த்து நீக்கும் வேலை பெண்களுடையது. தட்டு சுத்தமாயிற்று, அவர்களின் நுரையீரல் அழிந்தது. 1947ஆம் ஆண்டின் விதிகள்தான் அந்தப் பொடிக்குத் தடை போட்டன. அதன் இடத்தை அலுமினா எடுத்துக்கொண்டது. இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டமும் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. சிறு பட்டறைகளில் அந்தப் பட்டியல் எந்த அளவுக்குக் காக்கும் என்பது வேறு கேள்வி. ஈரப் பஞ்சு தூசியை எழவே விடாது. பொருளுக்கு நல்ல முறையே இங்கு உடம்புக்கும் நல்லது. விலை சற்று நேரம் மட்டுமே.

சூளைக்குப் போகும்முன் கடைசியாக ஒரு துடைப்பு உண்டு. கோப்பையின் அடிவட்டத்தில் ஒட்டிய கிளேஸை ஈரப் பஞ்சால் எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அது உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால், பளபளப்புக்கு நடுவே சொரசொரப்பாக ஒரு வெறும் மண் வளையம் தெரியும். பஞ்சு பட்ட இடம் அது.